இழுத்தால் வராத பால்கனிக் கதவு

அடுக்ககத்தில் குடியேறிச் சில ஆண்டுகள் ஆனவர்களிடம் வீட்டைப் பற்றிக் கேட்டால், குளியலறைக் கசிவுக்கும் லிஃப்ட் தொல்லைக்கும் அடுத்தபடியாக அவர்கள் சொல்வது பால்கனிக் கதவைத்தான். கூடத்துக்கும் பால்கனிக்கும் நடுவே நிற்கும் அந்தப் பெரிய ஸ்லைடிங் கதவு முதலில் கிறீச்சிடும். பிறகு நின்று நின்று நகரும். அப்புறம் வீட்டில் பலசாலி ஒருவர் இருந்தால்தான் திறக்கும். வயதானவர்கள் பால்கனியில் துணி உலர்த்துவதையே விட்டுவிடுகிறார்கள். காற்றுக்காக வைத்த கதவு நாள் முழுக்க மூடிக் கிடக்கிறது. கடைசியில் “கதவே சரியில்லை, மாத்திடலாம்” என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

பெரும்பாலான வீடுகளில் அது தேவையற்ற செலவு. கண்ணாடியும் சட்டமும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பவை அடியில் மறைந்திருக்கும் சின்னச் சக்கரங்களும் அவை ஓடும் தடமும்தான். கதவின் மொத்த விலையில் அவற்றின் பங்கு மிகச் சொற்பம். கதவின் ஆயுளோ முழுக்க அவற்றின் கையில் இருக்கிறது. வாங்கும்போது கண்ணாடியின் நிறத்தையும் சட்டத்தின் பளபளப்பையும் பார்க்கிறோம். குனிந்து அடியைப் பார்ப்பவர்கள் குறைவு. கதவு ஏன் இறுகுகிறது, எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும், எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் எல்லாம் அந்த அடிப்பகுதியில்தான் தொடங்குகின்றன.

முதலில் எடையைப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கண்ணாடி இரண்டரைக் கிலோ எடை கொண்டது. அப்படியானால் 6 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. 1.2 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள கதவில் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 38 கிலோ வரும். சட்டத்தையும் சேர்த்தால் 45 கிலோவைத் தாண்டும். வெயிலையும் சத்தத்தையும் தடுக்க இரட்டைக் கண்ணாடி போட்டால் கண்ணாடியின் எடையே 76 கிலோவுக்கு அருகில் போய்விடும். இத்தனையையும் தாங்குவது கட்டைவிரல் அகலமுள்ள சக்கரங்கள்.

சக்கரம் நன்றாக உருளும்வரை எடை ஒரு பொருட்டே இல்லை. நல்ல பேரிங் உள்ள சக்கரத்தில், நகர்த்தத் தேவையான விசை எடையில் இரண்டு மூன்று சதவீதம்தான். 45 கிலோக் கதவை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான இழுவையால் நகர்த்திவிடலாம். சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டால் கதையே வேறு. அப்போது கதவு உருளவில்லை, தடத்தின்மீது உரசிக்கொண்டு போகிறது. நைலானும் உலோகமும் உரசும்போது எழும் உராய்வு எடையில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று வரும். அதே கதவுக்கு 12, 15 கிலோ விசை தேவைப்படும். நேற்றுவரை ஓடிய கதவு இன்று மலையாகக் கனப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு கதவு எவ்வளவு இலகுவாகத் திறக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் சட்டப்படியான அளவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டடத் தரநிலைகளின்படி, பொது இடங்களில் உள்ள ஸ்லைடிங் கதவை நகர்த்த 22.2 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. நம் கணக்கில் அது இரண்டேகால் கிலோ. வீடுகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றாலும் அளவுகோல் நல்ல அளவுகோல். விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடைபார்க்க வாங்கிய கைத் தராசு வீட்டில் இருந்தால், அதைக் கைப்பிடியில் மாட்டிக் கதவை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். இரண்டு, மூன்று கிலோ காட்டினால் கவலையில்லை. எட்டு, பத்து என்று ஏறினால் அடியில் ஏதோ இறுகியிருக்கிறது. மூட்டுவலியோடு இருக்கும் தாய்க்கோ பாட்டிக்கோ அந்த எட்டுக் கிலோ, பால்கனியே இல்லாத வீட்டில் இருப்பதற்குச் சமம்.

சக்கரம் இல்லாமலேயே நூற்றாண்டுகளாக ஓடிய கதவுகள் உண்டு. ஜப்பானிய வீடுகளின் ஷோஜி, ஃபுசுமா கதவுகள் மரச்சட்டமும் காகிதமுமாக ஆனவை. கீழே மரப்படியில் ஆழமில்லாத பள்ளம், மேலே அதைவிட ஆழமான பள்ளம். கதவைத் தூக்கினால் மேல் விளிம்பு பள்ளத்துக்குள் ஏறிக்கொள்ளும், கீழ் விளிம்பு விடுபடும், கழற்றி எடுத்துவிடலாம். கதவு இறுகினால் பள்ளத்தில் மெழுகைத் தேய்ப்பார்கள். நம் ஊர்க் கடைத்தெருவிலும் இதே ஏற்பாடு இருந்தது. இரும்பு ஷட்டர்கள் வருவதற்கு முன், படியிலும் உத்தரத்திலும் வெட்டிய பள்ளங்களில் எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகித் தள்ளிக் கடையைச் சாத்தினார்கள். காலையில் கடை திறப்பவர் அந்தப் பள்ளத்தையும் கூட்டிப் பெருக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் இரவில் பலகை நகராது. மேலே ஆழம், கீழே ஆழமின்மை, தூக்கினால் கழலும் என்ற அந்த வடிவம் இன்றைய அலுமினியக் கதவிலும் அப்படியே தொடர்கிறது. பள்ளத்தைப் பெருக்கும் வழக்கம்தான் தொடரவில்லை.

காகிதத்தின் இடத்தில் கண்ணாடி வந்தபோது சக்கரம் கட்டாயமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கலிஃபோர்னியாவில்தான் இந்தக் கதவு சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. ‘ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்’ என்ற இதழ் 1945இல் தொடங்கிய மாதிரி வீடுகள் திட்டம், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த சுவரைக் கண்ணாடியாக்கிக் காட்டியது. பியர் கோனிக் வடிவமைத்து 1960இல் லாஸ் ஏஞ்சலஸ் குன்றின் விளிம்பில் முடிந்த ஸ்டால் வீடு அந்த வரிசையில் மிகவும் பேர்பெற்றது. ஜோசஃப் ஐக்லர் என்ற கட்டுநர் இதே அழகை நடுத்தரக் குடும்பங்களுக்காக ஆயிரக்கணக்கான வீடுகளில் பரப்பினார். அந்தக் கதவு உலகம் சுற்றி நம் அடுக்ககங்களுக்கு வந்து சேர்ந்தது. மழை குறைந்த தென் கலிஃபோர்னியாவில் பிரபலமான வடிவத்தை, வடகிழக்குப் பருவமழையும் உப்புக்காற்றும் செம்மண் தூசியும் உள்ள ஊரில் வைக்கும்போது அதற்கு வேறுவிதக் கவனிப்பு வேண்டும் என்ற பேச்சு மட்டும் கூடவே வரவில்லை.

கதவின் உறுப்புகளை, கதவு செய்து பொருத்தும் ஃபேப்ரிகேட்டர்கள் சொல்லும் பெயரிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பழுதைச் சொல்ல உதவும். நகரும் பலகைக்கு ‘ஷட்டர்’ என்று பெயர். அதன் அடிச்சட்டம் ‘பேரிங் பாட்டம்’, ஏனென்றால் சக்கரங்கள் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. கைப்பிடிப் பக்கச் சட்டம் ‘ஹேண்டில்’. இரண்டு ஷட்டர்கள் நடுவில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் சட்டம் ‘இன்டர்லாக்’. சுவரோடு பொருத்திய நிலைச்சட்டத்தில் கீழே ஓடுவது ‘ட்ராக்’. இரண்டு ஷட்டருக்கு டூ ட்ராக், கொசுவலையும் சேர்ந்தால் த்ரீ ட்ராக். சட்டத்தின் ஓரத்தில் காற்றும் தூசியும் புகாமல் இருக்க ஒட்டிய மயிரிழைப் பட்டை ‘வூல் பைல்’.

இனி காரணங்கள். பழைய கதவுகள் தேய்ந்துபோவது இயல்பு. ஆனால் கணிசமான கதவுகள் வீட்டுக்காரர் குடிவருவதற்கு முன்பே பாதி கெட்டுப்போகின்றன என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டுமானத்தின் வேலை வரிசையைக் கவனித்தால் இது விளங்கும். பல இடங்களில் கதவின் நிலையைப் பொருத்திய பிறகுதான் ஓரப் பூச்சு, பட்டி, பெயின்ட், டைல்ஸ் வேலைகள் முடிகின்றன. பால் பதத்தில் சிமென்ட் வழிந்து ட்ராக்கில் இறங்குகிறது. ஈர சிமென்ட் கடுமையான காரம், அதன் பி.எச். அளவு 12க்கு மேல். அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். இவ்வளவு காரத்தில் அந்தப் படலம் கரைந்துவிடும். கறை படிந்து, குழி விழுந்து, வழவழப்பாக இருந்த தடம் சொரசொரப்பாகிறது. காய்ந்த சிமென்ட் மணிகள் வேறு சக்கரத்தின் வழியில் கிடக்கின்றன. அதோடு முடிவதில்லை. டைல்ஸ் மீது படிந்த சிமென்ட் கறையைப் போக்க ஒப்படைப்புக்கு முன் ‘ஆசிட் வாஷ்’ செய்கிறார்கள். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தரையோடு ஓடி ட்ராக்குக்குள் புகுகிறது. அமிலமும் அலுமினியத்தை அரிக்கும். சக்கரத்தின் எஃகு அச்சையும் பேரிங்கையும் துருப்பிடிக்க வைக்கும். முதலில் காரம், பிறகு அமிலம் என்று இரண்டையும் குடித்த கதவைத்தான் புதுக்கதவென்று சாவியோடு கையில் கொடுக்கிறார்கள். நிலையைப் பொருத்திய அன்றே ட்ராக்கின்மீது ஒரு தகடோ பலகையோ போட்டு மூடி, எல்லா வேலையும் முடிந்தபின் எடுத்திருந்தால் இத்தனையும் நேராது. கூடுதல் செலவு என்று சொல்லவே எதுவுமில்லை.

குடிவந்த பிறகு சேர்வது தூசி, தலைமுடி, செடித்தொட்டி மண், புறாவின் இறகும் எச்சமும். இவை தனியாக வந்தால் துடைப்பத்துக்கு அடங்கும். எண்ணெயோடு சேர்ந்தால் அடங்காது. கதவு கிறீச்சிட்டதும் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எடுத்துவந்து ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். ஒரு வாரம் கதவு நன்றாகவே ஓடும். அதன்பின் அந்த எண்ணெய் வரும் தூசியையெல்லாம் பிடித்துவைத்துக்கொண்டு கருப்புப் பசையாகிறது. அந்தப் பசையில் மணல் கலந்தால் அது சக்கரத்தையும் தடத்தையும் தேய்க்கும் அரம்தான். கிரீஸ் ஊற்றினாலும் இதே கதிதான்.

கையில் டபிள்யூ.டி.-40 இருக்கிறதே, அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான பொருள். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. துருவை இளக்குவதற்கும் பழைய பசையைக் கரைப்பதற்கும் அது நன்றாக உதவும். நீண்ட நாள் உராய்வைக் குறைக்க அதையே நம்ப முடியாது. இளக்கித் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு மேலே வேறொன்று போட வேண்டும். சிலிக்கான் ஸ்ப்ரேயோ, காய்ந்து படலமாகும் பி.டி.எஃப்.இ. வகை ஸ்ப்ரேயோ அதற்குப் பொருத்தம். அவை எண்ணெயைப் போலத் தூசியைப் பிடித்துவைப்பதில்லை. ஓர் எச்சரிக்கை: சிலிக்கான் துளிகள் டைல்ஸ் தரையில் பட்டால் வழுக்கும். தரையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டு அடிக்க வேண்டும், முடிந்ததும் தரையைத் துடைக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களின் சிக்கல் தனி. பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி, தூத்துக்குடி என்று கடலோரத்தில் உள்ள வீடுகளில் காற்றிலேயே உப்பு வருகிறது. உப்பு ஈரம் ஒரு மின்கடத்தி. அலுமினியச் சட்டமும் எஃகுத் திருகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது தங்கும்போது, மின்வேதி வினையால் அலுமினியம் அரிபடுகிறது. திருகைச் சுற்றிப் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி அதன் அடையாளம். சாதாரண இரும்பு அச்சுள்ள சக்கரம் இங்கே விரைவில் துருவேறி இறுகிவிடும். துருப்பிடிக்காத எஃகிலும் வேறுபாடு உண்டு. 304 வகையைவிட மாலிப்டினம் கலந்த 316 வகை உப்பை நன்றாகத் தாங்கும். அலுமினியத்தின்மீது போடும் அனோடைசிங் பூச்சுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1868 இருக்கிறது. பூச்சு எத்தனை மைக்ரான் என்று கேட்டு எழுதி வாங்குவது கடலோர வீட்டுக்காரருக்கு அவசியம். பூச்சு எதுவானாலும் நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவி உப்பை நீக்குவதற்கு மாற்று கிடையாது.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளில் ட்ராக்குகள் வண்டலால் நிரம்பின. வண்டலின் துகள் மிக நுண்மையானது, பேரிங்குக்குள்ளேயே போய்விடும். வெள்ளத்தில் நனைந்த சக்கரங்களை வெளியிலிருந்து கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

யு.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் செய்த கதவு வைத்திருப்பவர்கள் சொல்லும் ஒரு புகார் வேடிக்கையாகத் தோன்றலாம்: காலையில் நன்றாக ஓடும் கதவு மாலையில் பிடிக்கிறது. புகாரில் உண்மை இருக்கிறது. பி.வி.சி. வெப்பத்தில் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரிவடைகிறது. 2 மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி வெப்ப உயர்வில் அலுமினியமானால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும், பி.வி.சி. ஆனால் 4 மில்லிமீட்டரைத் தொடும். மேற்கு பார்த்த பால்கனியில் அடர்நிறச் சட்டம் வைத்தால் வெப்பம் அதைவிடவும் ஏறும். நிலைக்கும் ஷட்டருக்கும் இடையே போதிய இடைவெளி விடாமல் பொருத்தியிருந்தால் மாலையில் பிடிக்காமல் என்ன செய்யும்? இது சக்கரத்தின் குற்றமில்லை, அளவெடுத்தவரின் குற்றம்.

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய காரணம் மேலே இருக்கிறது. அகலமான திறப்புக்கு மேல் ஓடும் கான்கிரீட் உத்தரம் காலப்போக்கில் சற்றே தொய்யும். அது இயல்பு. கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456: 2000 தரநிலை, தடுப்புச் சுவர்களும் பூச்சு வேலைகளும் முடிந்தபின் ஏற்படும் தொய்வு, உத்தரத்தின் நீளத்தில் 350இல் ஒரு பங்கு அல்லது 20 மில்லிமீட்டர், இவற்றில் குறைவானதைத் தாண்டக்கூடாது என்கிறது. 3 மீட்டர் திறப்புக்கு அது எட்டரை மில்லிமீட்டர். தரநிலையே அனுமதிக்கும் இந்த எட்டரை மில்லிமீட்டருக்குக் கதவின் மேல்நிலையில் இடம் விடாவிட்டால், உத்தரம் கதவை மேலிருந்து அழுத்தும். சோதிப்பது எளிது. திறப்பின் இரு ஓரங்களிலும் நடுவிலும் உயரத்தை டேப்பால் அளந்தால் போதும். நடுவில் குறைவாக இருந்தால் சக்கரத்தை மாற்றுவதோ எண்ணெய் விடுவதோ பலன் தராது. தொய்வு தொடர்ந்து கூடிக்கொண்டே போனாலோ, கூடவே சுவர் மூலைகளில் விரிசல் தெரிந்தாலோ, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அங்கே கதவு தன் பழுதைச் சொல்லவில்லை, கட்டடத்தின் பழுதைச் சொல்கிறது.

இந்த அளவைப் போலவே இன்னும் இரண்டு எளிய சோதனைகள் பழுதை இனம் காட்டும். கதவை ஏறக்குறைய மூடி, விளிம்புக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தால் கதவு நேராக நிற்கிறது. மேலே அகன்று கீழே குறுகியோ, கீழே அகன்று மேலே குறுகியோ இருந்தால் ஒரு பக்கச் சக்கரம் இறங்கிவிட்டது என்று பொருள். பூட்டு பொருந்தாமல் போவதும் இதனால்தான். பூட்டை மாற்றச் சொல்பவரை நம்புமுன் இந்த இடைவெளியைப் பார்த்துவிட வேண்டும். அடுத்தது, கதவு எங்கே பிடிக்கிறது என்பது. எப்போதும் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் தடம் நசுங்கியிருக்கிறது. சோபாவையோ அலமாரியையோ பால்கனி வழியாக ஏற்றிய வீடுகளில் இது சாதாரணம். வழி நெடுகக் கனத்தால் சக்கரம் இறுகியிருக்கிறது. சீரான இடைவெளிகளில் ‘டக் டக்’ என்று தட்டினால் சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது.

சரிசெய்வதை எப்போதும் சுத்தத்திலிருந்தே தொடங்க வேண்டும். காய்ந்த தூசியை முதலில் வேக்குவம் கிளீனராலோ பெயின்ட் பிரஷாலோ எடுத்துவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷுமாகத் தேய்க்க வேண்டும். நேரே தண்ணீரை ஊற்றினால் தூசி சேறாகி மூலைகளில் அடையும். ஒட்டிய சிமென்டை மரச் சீவலாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ பெயர்க்கலாம். இரும்பு உளி தடத்தைக் கீறிவிடும், ஆசிட் பக்கமே போகக் கூடாது. ட்ராக்கின் வெளிவிளிம்பில் நீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். பல வீடுகளில் பெயின்டோ சிலிக்கானோ அடைத்து அவை இருப்பதே தெரியாது. அவற்றைக் குச்சியால் குத்தித் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் நீர் வெளியே போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த புயல் மழையில் அது கூடத்துக்குள் வரும். வராத நாட்களில் ட்ராக்கிலேயே தேங்கிச் சக்கரத்தை ஊறவைக்கும். இந்த ஒரு வேலையிலேயே பல கதவுகள் சரியாகிவிடுகின்றன.

ஆகாவிட்டால் சக்கரத்தின் உயரத்தைத் திருத்திப் பார்க்கலாம். தரமான கதவுகளில் ஷட்டரின் அடி ஓரத்தில், பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகினால் அந்தப் பக்கச் சக்கரம் ஏறும் அல்லது இறங்கும். முழு எடையும் சக்கரத்தின்மீது இருக்கும்போது திருகினால் திருகின் தலை மழுங்கிவிடும். ஒருவர் ஷட்டரைச் சற்றே தூக்கிப் பிடிக்க, மற்றவர் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருக வேண்டும். விலை மலிவான அலுமினியக் கதவுகள் பலவற்றில் இந்தத் திருகே கிடையாது. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக விட்டுவிட்ட அந்தத் திருகுதான், பின்னால் முழு ஷட்டரையும் கழற்ற வைக்கிறது. கதவு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சக்கரத்தை வெளியிலிருந்தே உயர்த்தித் தாழ்த்த முடியுமா என்பதுதான்.

சக்கரத்தை மாற்றும் வேலைக்கு இரண்டு பேராவது வேண்டும். வழியில் தூக்குவதைத் தடுக்கும் கட்டைகள் இருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிட்டு, ஷட்டரை மேலே தூக்கி, அடியை வீட்டுக்குள் பக்கமாக இழுத்துக் கழற்ற வேண்டும். கழற்றியதை வெறும் தரையில் நிறுத்தாமல் பழைய மெத்தையின்மீதோ தடித்த போர்வையின்மீதோ வைப்பது நல்லது. கடுமையாக்கிய கண்ணாடிக்கு முகப்பில் வலிமை அதிகம், விளிம்பில் குறைவு. ஓரத்தில் பட்ட ஒரு தட்டு முழுவதையும் நொறுக்கிவிடும். சில வகைக் கதவுகளில் சக்கரம் அடியிலிருந்தே திருகு கழற்றினால் வரும். வேறு சிலவற்றில் பேரிங் பாட்டத்தையே பிரிக்க வேண்டியிருக்கும். அதை ஃபேப்ரிகேட்டரிடம் விடுவதே சரி. பழைய சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போக வேண்டும். விட்டத்திலும் பள்ளத்தின் வடிவிலும் சின்ன வேறுபாடு இருந்தாலும் கதவு தடத்தில் உட்காராது. ஒன்று கெட்டிருந்தாலும் அந்த ஷட்டரின் சக்கரங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம். தடம் நசுங்கியோ தேய்ந்தோ இருந்தால் அதன்மேல் அழுத்திப் பொருத்தும் துருப்பிடிக்காத எஃகு உறைகள் உண்டு. நிலையை உடைக்காமலே புதுத் தடம் கிடைத்துவிடும்.

மூன்றாம் மாடி ஜன்னலின் ஸ்லைடிங் ஷட்டரை இதே முறையில் வீட்டிலிருப்பவர்களே கழற்ற முனையக் கூடாது. பால்கனிக் கதவு விழுந்தால் பால்கனிக்குள் விழும். ஜன்னல் ஷட்டர் கீழே நடப்பவர் தலையில் விழும்.

இறுகிய கதவோடு மல்லுக்கட்டுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பழைய அடுக்ககங்களில் சாதாரணக் கண்ணாடியே போட்டிருக்கலாம். அது உடைந்தால் கத்திபோன்ற நீளத் துண்டுகளாகச் சிதறும். அமெரிக்காவில் 1977இலிருந்து நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்பு விதி, இத்தகைய கதவுகளில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் ஐ.எஸ். 2553 பாதுகாப்புக் கண்ணாடிக்கான தரநிலை. கட்டடங்களில் கண்ணாடியைப் பயன்படுத்தும் முறைக்கு ஐ.எஸ். 16231 இருக்கிறது. கடுமையாக்கிய கண்ணாடியின் மூலையில் சிறிய முத்திரை பொறித்திருப்பது வழக்கம். அது இல்லாத கதவைக் காலால் உந்தியோ தோளால் தள்ளியோ திறக்கவே கூடாது, குழந்தைகளையும் திறக்க விடக் கூடாது.

புதிதாகவே வாங்குவதாக இருந்தால் வேறு வடிவங்களையும் எண்ணிப் பார்க்கலாம். கைப்பிடியைத் திருப்பினால் ஷட்டர் சற்றே எழும்பிச் சக்கரத்தின்மீது ஏறிக்கொள்ளும் தூக்கி-நகர்த்தும் கதவுகள் ஜெர்மனியில் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளன. மூடியிருக்கும்போது எடை சக்கரத்தின்மீது இல்லை, கதவு ரப்பர்மீது அழுந்தி உட்கார்ந்துவிடும். தூசியும் மழைநீரும் உள்ளே வருவது குறையும். விலை அதிகம். மேலிருந்து தொங்கும் கதவில் தூசி பிரச்சினையே இல்லை. ஆனால் முழு எடையையும் உத்தரம் தாங்க வேண்டும், கட்டும்போதே திட்டமிட்டிருந்தால்தான் முடியும். இடம் இருந்தால் கீல் வைத்த இரட்டைக் கதவுதான் நம் தட்பவெப்பத்துக்கு மிகவும் பழுதில்லாதது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பால்கனி அகலம் நான்கடியே உள்ள வீட்டில் அது வழியை அடைக்கும். அங்கே ஸ்லைடிங் கதவுக்கு ஈடில்லை.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் திறத்திலோ தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். தவறினால் உரிய இழப்பீடு பெற வாங்கியவருக்கு உரிமை உண்டு. சிமென்ட் அரித்த ட்ராக்கும், அடைபட்ட வடிகால் துளையும், இடைவெளி விடாமல் பொருத்திய நிலையும் வேலைத் திறத்தின் குறைகள். தூசி சேர்ந்ததும் எண்ணெய் ஊற்றியதும் அப்படியல்ல. அவற்றுக்கு வீட்டுக்காரரே பொறுப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆதாரம்தான். ஆகவே புது வீட்டின் சாவியை வாங்கும் நாளில் எல்லா ஸ்லைடிங் கதவுகளின் ட்ராக்கையும் படமெடுத்து வையுங்கள். துளைகளில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், திறப்பின் உயரத்தை மூன்று இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குறை கண்டால் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திடும் முன் அதை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.